மறு: பீட்மான்ட்: 'அடிவாரம்' போதுமா? 'தாழ்வரை' என்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

லித்தோஹோரோ என்ற கிரேக்கச் சிற்றூரைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதும்போது 'பீட்மான்ட்' (piedmont, மலைக்குக் கீழே சரிந்து பரந்து கிடக்கும் நிலம்) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நின்றுவிட்டேன். 'அடிவாரம்' போதும் என்று சிலரும் 'குன்றடி' என்று ஒருவரும் நேற்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் அந்த ஊரின் மேலேயே வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒப்பவில்லை.

ஊர் ஒலிம்பஸ் மலைக்குக் கிழக்கே ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்னால் ஐந்தாறு கிலோமீட்டரில் கடல். பின்னால் மலை சுவர்போல எழுந்து மீதிகஸ் சிகரத்தில் 2,918 மீட்டரைத் தொடுகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சரிந்த பட்டைதான் பீட்மான்ட். பின்னால் நிற்பது மலை, குன்று அல்ல, ஆகவே 'குன்றடி' விழுந்துவிடுகிறது.

அந்தப் பட்டை எப்படி உண்டானது என்பதைப் பார்த்தால் 'அடிவாரமும்' ஏன் போதாது என்று தெரியும். எனிபேயஸ் ஆறு செங்குத்தான மலையிடுக்கு வழியாக இறங்கி, சரியாக ஊரின் மேல்முனையில் வெளியே வருகிறது. அந்த இடத்துக்கு மீலி என்று பெயர், 'ஆலைகள்' என்று பொருள். இடுக்கை விட்டு வெளியே வந்ததும் ஆற்றின் வேகம் குறைகிறது. இழுத்துவந்த கல்லையும் சரளையையும் அங்கேயே கொட்டிவிட்டு விசிறிபோலப் பரப்புகிறது. பனியூழிக் காலத்துப் படிவுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. நாம் 'அடிவாரம்' என்றால் மனத்தில் வருவது ஏறத் தொடங்கும் இடம். பழனிக்குப் போகிறவர் "அடிவாரத்தில் செருப்பை விட்டேன்" என்பார். அது ஓர் இடம், கிலோமீட்டர் கணக்கில் அகலமுள்ள நிலப்பகுதி அல்ல. அப்புறம், கூட்டுச்சொல் ஆக்கும்போது 'அடிவாரப் படிவு' என்று எழுதிப் பாருங்கள், எதற்கோ அடியில் தங்கிய படிவு என்றுதான் படிக்கத் தோன்றும்.

என் பரிந்துரை: தாழ்வரை. புதுச் சொல் அல்ல, மலையடிவாரம் என்ற பொருளில் அகராதியில் ஏற்கெனவே இருக்கிறது. பேச்சில் அதிகம் புழங்காததால் துறைச்சொல்லாக வரையறுத்துக்கொள்ள வசதி. 'பீட்மான்ட்' இத்தாலியச் சொல் வழி வந்தது, கால் + மலை. கிரேக்கர்கள் இதை 'கீழ்' என்ற சொல்லையும் 'மலை' என்ற சொல்லையும் சேர்த்து 'ஹுபோரெயா' என்றார்கள். டிராய் நகரம் எழுவதற்கு முன் மக்கள் ஈடா மலையின் தாழ்வரையில் குடியிருந்தார்கள் என்று ஹோமரின் இலியத் காவியத்தில் வருவது இந்தச் சொல்தான். தாழ் + வரை அதற்கு அப்படியே நேர்.

"'வரை' என்றால் எல்லை என்றல்லவா படிப்பார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வரையாடு என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்த 'வரை' மலைதான். யாரும் குழம்புவதில்லை.

இந்தப் பட்டையை ஒரே சொல்லால் சொல்ல முடிந்தால் ஊரின் வரலாறும் தெளிவாகிறது. லித்தோஹோரோக்காரர்கள் மலையடியில் இருந்தும் கடலோடிகள், ஊரில் கடல்சார் அருங்காட்சியகமே உண்டு. 1878இல் உதுமானியருக்கு எதிராக எழுந்தபோது தன்னார்வலர்கள் கடல்வழியே வந்து இறங்கினார்கள். எழுச்சி முறியடிக்கப்பட்டது, ஊரும் எரிக்கப்பட்டது. 1913 ஆகஸ்ட் 2 அன்று பிரடெரிக் புவாசொனா, தானியல் போ-போவி என்ற சுவிஸ்காரர்கள் இருவரை மீதிகஸ் உச்சிக்கு அழைத்துப்போனவர் இவ்வூர் வேட்டைக்காரர் கிறிஸ்தோஸ் காக்கலோஸ். கடல், மலை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தாழ்வரை ஊரின் இயல்பு.

வடக்கே சில கிலோமீட்டரில் தியோன் இருக்கிறது. மாசிடோனியர்கள் கிரேக்கக் கடவுள் சியூசுக்கு விழா எடுத்த ஊர். எனக்கு மிகப் பிடித்த செய்தி அங்கேதான் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ், ஹெலிக்கோன் என்ற ஆறு 75 ஸ்தாதியம் (பண்டைக் கிரேக்க நீள அளவு) ஓடி மண்ணுக்குள் மறைகிறது, 22 ஸ்தாதியம் தள்ளி பாபுரா என்ற பெயரில் மீண்டும் வெளிவருகிறது என்கிறார். புராணப் பாடகன் ஓர்பியசைக் கொன்ற பெண்கள் கை கழுவ வந்தபோது, அந்தக் கொலைக்கறையைக் கழுவ உதவ மாட்டேன் என்று ஆறு நிலத்துக்குள் போய்விட்டதாம். இமயத்தின் தாழ்வரையிலும் ஆறு சரளைக்குள் மறைந்து கீழே ஊற்றாக எழும். ஆறு மறையும் சரளைப் பட்டையைப் பாபர் என்றும், நீர் மீண்டும் எழும் ஈர நிலத்தைத் தராய் என்றும் நம் பாடநூல்கள் சொல்லித்தருவது அதைத்தான். அந்த இரண்டும் தாழ்வரையின் உட்பிரிவுகள் என்று இனி எழுதலாம்.

சரி, என் முன்மொழிவு இது. நிலப்பகுதிக்குத் தாழ்வரை, அதிலிருந்து தாழ்வரை ஊர், தாழ்வரைப் படிவு, தாழ்வரைச் சமவெளி. ஏறத் தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று: ஊர்ப்பெயரை 'லிட்டோசோரோ' என்று எழுத வேண்டாம். 'ட்டோ' என்று எழுதும் இடத்தில் கிரேக்கத்தில் வரும் ஒலி நம் 'த' எழுத்தின் ஒலிதான்.

மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பிறகு கட்டுரையில் 'தாழ்வரை' என்றே மாற்றிவிடுகிறேன்.