ஏடிஎக்ஸ் சார்ஜர்: கரண்ட் லிமிட்டில் 'உஸ்' சத்தம், தீர்வு?

பழைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை), கண்ட்ரோல் ஐசி டிஎல்494. 12 வோல்ட், 40 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரிக்கு 14.4 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜராக மாற்றியது. ஓவர்வோல்டேஜ் டிரிப் (வோல்ட் கூடினால் சப்ளையை நிறுத்தும் பகுதி) துண்டித்தாச்சு. அவுட்புட் கெப்பாசிட்டர் 25 வோல்ட் (பழைய 16 வோல்ட், 14.4-க்கு மார்ஜின் குறைவு).

வோல்டேஜ் கண்ட்ரோல்: ஐசியின் பின் (pin) 2-ல் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ். பின் 1-க்கு அவுட்புட்டிலிருந்து டிவைடர்: மேலே 47கே + 1கே பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), கீழே 10கே. இந்தப் பக்கம் சிக்கலே இல்லை.

தகராறு கரண்ட் லிமிட்டில். நெகட்டிவ் லைனில் 0.01 ஓம் ஷண்ட் (கரண்ட் அளக்கும் ரெசிஸ்டர்), 5 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட், பின் 16-க்கு. ஒப்பிடும் லிமிட் வோல்டேஜுக்கு பின் 15-ல் 100கே/1கே டிவைடர். 3 ஆம்பியருக்கு செட் செய்தால் அமைதி. 4 தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர் 'உஸ்' என்கிறது, அம்மீட்டர் ஆடுகிறது. லூப் ஆஸிலேஷன்தான் (கண்ட்ரோல் நிலைக்காமல் மேலும் கீழும் ஆடுவது) என்பது என் கணிப்பு.

அந்த ஆட்டத்தை அடக்க, பின் 3 (ஐசியின் ஃபீட்பேக் பின்), 15 இடையே 10கே + 0.01 மைக்ரோஃபாரட். 0.1 போட்டால் சத்தம் குறைகிறது, நிற்கவில்லை. ரெசிஸ்டரைக் குறைப்பதா, ஷண்ட்டிலிருந்து 1கே + 0.1 ஃபில்டரா? ஷண்ட் கிரவுண்ட் வயரிங்கா? ஓடவிட்டுப் பார்த்தவர்கள் மதிப்புகளோடு சொல்லுங்கள். பாதுகாப்புக்கு மெயின்ஸ் லைனில் சீரீஸ் பல்பு வைத்துத்தான் சோதிக்கிறேன்.