மறு: வால்வ் பாடிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

காட்டுப்பாதை வண்டிகளின் தானியங்கி கியர்ப்பெட்டியை இறக்கிக் கட்டுவதற்கான வழிகாட்டியில் மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. வால்வ் பாடி, அதாவது பெட்டிக்குள் எண்ணெயைத் தேவையான கிளட்சுக்குத் திருப்பிவிடும் பாகம், மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் எதிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன். தயங்காமல் அடித்து நொறுக்குங்கள்.

> "வால்வு உடல் என்று நேராகவே எழுதிவிடலாமே, எல்லாருக்கும் புரியும்."

யாருக்குப் புரியும்? சென்னையில் பாடி என்றால் ஒன்று அம்பத்தூருக்குப் பக்கத்து ஊர். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வருவது. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கரூரில்கூடச் செய்தித்தாள்கள் அதைக் கூண்டு கட்டும் தொழில் என்றுதான் எழுதுகின்றன. உடல் கட்டும் தொழில் என்று ஒருவரும் எழுதவில்லை. நேர் மொழிபெயர்ப்பு இங்கே உதவாது.

> "அடைப்பிதழ்த் தொகுதி. அடைப்பிதழ் ஏற்கெனவே உயிரியலில் வழங்கும் சொல்தான்."

ஐயா, இதயத்தில் இருப்பது இதழ். இரத்தம் தள்ளினால் திறக்கும், பின்வாங்கினால் மூடும். அங்கே அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. கியர்ப்பெட்டிக்குள் இருப்பதோ கடைந்தெடுத்த உலோகத் தண்டு. நடுநடுவே இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் எண்ணெய் புகுந்து போகும். பருத்த இடம் வழியை அடைக்கும். ஒரு முனையில் சுருள்வில்லும் மறுமுனையில் எண்ணெய் அழுத்தமும் தள்ள, தண்டு தன் குடைவுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு வாயை மூடி இன்னொன்றைத் திறக்கிறது. இதில் இதழ் எங்கே இருக்கிறது? இந்தப் பெயரைப் படித்துவிட்டு முதன்முதலாகப் பெட்டியைத் திறக்கும் மாணவர் இல்லாத இதழைத் தேடிக்கொண்டிருப்பார்.

> "மதகு? செம்பரம்பாக்கம் புண்ணியத்தில் சென்னைக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்."

மூன்றில் இதுதான் நல்ல யோசனை. 2015 டிசம்பருக்குப் பிறகு இந்த ஊரில் மதகு என்ற சொல்லை அறியாதவர் இல்லை. ஆனால் ஏரி மதகைத் திறப்பவரிடம் நாம் கேட்பது எவ்வளவு திறந்தீர்கள் என்றுதான். வால்வ் பாடியில், அழுத்தத்தைச் சீராக்கும் தண்டைத் தவிர்த்துப் பார்த்தால், முதல் கேள்வி எந்தப் பக்கம் என்பதே. இரண்டாம் கியரைப் பிடித்திருக்கும் கிளட்சிலிருந்து எண்ணெயை வடித்து, மூன்றாம் கியரின் கிளட்சுக்கு அனுப்ப வேண்டும். வயலில் இந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு பாத்திக்குப் பாய்வதை மண் அணைத்து அடைத்துவிட்டு அடுத்த பாத்திக்குத் திருப்புவதை மடை மாற்றுவது என்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை: மடைத்தொகுதி.

சொல் அகராதியிலிருந்து வரவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நண்பரின் நாற்சக்கர இயக்க வண்டியின் பெட்டி இறங்கியிருந்தது, போய்ப் பார்த்தேன். அலுமினிய வார்ப்பு இரண்டு பாதிகளாகப் பிரிந்து மேசையில் மல்லாந்து கிடந்தது. இரண்டு பாதிகளின் முகத்திலும் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். நடுவே வைக்கும் மெல்லிய எஃகுத் தகட்டில் ஊசித் துளையிலிருந்து விரல் நுழையும் துளைவரை பல அளவுகள். உதவிக்கு நின்ற பையன் துடைப்பதற்குப் பனியன் துணியை எடுத்தபோது மூத்த மெக்கானிக் அதட்டினார்: "துணி வேண்டாம் தம்பி, ஒரு நூல் போதும், தண்டு சிக்கிக்கொள்ளும்." காற்றடித்துத்தான் சுத்தம் செய்தார்கள். பிறகு சின்னச் சின்னக் குண்டுகளை அவற்றின் குழிகளில் வைத்து, கவிழ்த்தாலும் விழாமலிருக்க வாசலின் தடவினார்கள். கிரீஸ் ஏன் கூடாது என்று கேட்டேன். வாசலின் எண்ணெயில் கரைந்துவிடுமாம், கிரீஸ் கரையாமல் போய்த் துளையை அடைத்துக்கொள்ளுமாம். "இந்த வாய்க்காலில் வருவது இங்கே திரும்பி அந்தக் கிளட்சுக்குப் போகிறது அண்ணா" என்று திருப்புளி முனையால் காட்டினார் இன்னொருவர். வாய்க்கால் அவர் வாயில் தானாக வந்தது. வாய்க்கால் இருக்குமிடத்தில் மடை இருப்பதில் என்ன வியப்பு?

சரி, சொல் எழுத்தில் நிற்கிறதா என்று பார்க்க வழிகாட்டியின் ஒரு பகுதியை அதை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

"கிளட்ச் தகடுகளை மட்டும் புதிதாகப் போட்டுப் பெட்டியை மூடிவிடாதீர்கள். மடைத்தொகுதியின் குடைவுகள் அலுமினியத்தால் ஆனவை. தண்டு ஓடி ஓடிக் குடைவு தேயும். தேய்ந்த இடைவெளியில் எண்ணெய் கசியும். கிளட்சை இறுக்கும் அழுத்தம் குறையும். தகடுகள் வழுக்கிச் சூடேறி உராய்வுப் பூச்சு கருகும். நீங்கள் பார்ப்பது கருகிய தகடு, காரணம் இருப்பது மடைத்தொகுதியில். ஒவ்வொரு குடைவையும் வெற்றிடச் சோதனை (காற்றை உறிஞ்சிக் கசிவு பார்ப்பது) செய்யுங்கள். தேய்ந்திருந்தால் சீவிப் பெருக்கிப் பெரிய தண்டோ உறையோ பொருத்த வேண்டும்."

மேம்பாடு பற்றிய பகுதியும் தடுக்காமல் வந்தது:

"பாறையிலும் மணலிலும் வண்டி மெதுவாக ஏறும்போது டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வழுக்கலில் வீணாகும் ஆற்றல் எண்ணெயைச் சூடாக்குகிறது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. எனவே முதல் செலவு பெரிய எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் வெப்பமானிக்கும். மடைத்தொகுதியில் கை வைப்பது அதற்குப் பிறகு. இடைத்தகட்டின் துளையைப் பெரிதாக்கி, கடினமான வில்களைப் போட்டால் கிளட்ச் சட்டென்று பிடிக்கும், வழுக்கல் குறையும். அளவு மீறினால் ஒவ்வொரு கியர்மாற்றமும் வண்டியை உதைக்கும்."

சென்னை மே மாத வெயிலில் ஓட்டுபவர்களுக்காகக் குளிர்விப்பான் பத்தியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். பலர் முதலில் துளையைப் பெரிதாக்கிவிட்டுக் குளிர்விப்பானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தலைகீழ்.

வால்வ் பாடியைக் கியர்ப்பெட்டியின் மூளை என்று எல்லாரும் சொல்வதால் கட்டுப்பாட்டகம் என்று வைக்கலாம் என அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த ஹைட்ரா-மேட்டிக் தானியங்கிப் பெட்டியில் கணினி ஏது? எந்தக் கியர் என்பதை எண்ணெய் அழுத்தமே முடிவு செய்தது. (அதே பெட்டி இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியிலும் போனது, காட்டுப்பாதைக்குத் தானியங்கி ஆகாது என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.) இன்று முடிவெடுப்பது கணினி. அது சோலினாய்டுகளுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வுகளுக்கு) கட்டளையிட, அவை மடைகளை நகர்த்துகின்றன. மூளை இடம் மாறிவிட்டது, மடை மாறவில்லை. 2001இல் வந்த, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் 6எச்பி26 போன்ற பெட்டிகளில் கணினியையும் வால்வ் பாடியோடு சேர்த்தே பூட்டி மெகட்ரானிக் என்கிறார்கள். அதற்கு மின்மடைத்தொகுதி என்று நீட்டிக்கொள்ள வசதியிருக்கிறது. கட்டுப்பாட்டகம் என்று வைத்துவிட்டால் எதை எதோடு ஒட்டுவது?

எதிர்ப்புகள் வரும். மடை என்றால் படையல், மடைப்பள்ளி என்றால் கோயில் சமையலறை. வரட்டும், கியர்ப்பெட்டிப் பக்கத்தில் புளியோதரையை யாரும் எதிர்பார்க்கப்போவதில்லை. தொகுதி என்றால் தேர்தல் நினைவு வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மடைப்பலகை என்று சொல்லிப் பார்த்தேன். மின்சுற்றுப் பலகைக்கு இணையாக நன்றாகவே ஒலிக்கிறது, ஆனால் நீரை அடைக்கச் செருகும் பலகை என்று பொருள் போய்விடும். அதனால் தொகுதியே இருக்கட்டும்.

ரீபில்ட், அப்கிரேட் என்ற மற்ற இரண்டு சொற்களையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முழுப் பெட்டியையும் பிரித்துப் புதுப்பிப்பதற்கு மீள்கட்டமைப்பு வேண்டாம், வெள்ள நிவாரண அறிக்கை வாடை அடிக்கிறது. பட்டறையில் சொல்லும் இறக்கிக் கட்டுதல் போதும். மேம்படுத்துவதற்குத் தரம் உயர்த்துதல் என்றால் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆவதுதான் கண்ணில் நிற்கிறது. கூடுதல் தகடு, கெட்டியான தண்டு என்று சேர்ப்பதால் வலுவூட்டல் பொருத்தம்.

குடைவுக்குள் நகரும் தண்டுக்கு மடைத்தண்டு, பள்ளத்துக்கு வாய்க்கால், தகட்டுக்கு இடைத்தகடு என்றே அடுத்த வரைவில் எழுதுகிறேன். மீதமிருப்பது வாசலின் தடவிய அந்தச் சின்னக் குண்டு. எண்ணெயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கும் வேலை அதற்கு. ஒருவழிக் குண்டு என்று எழுதினால் பாதிப் பேர் வெடிகுண்டு என்பார்கள். சைக்கிள் கடைப் பால்ரஸ் என்றால் உருவம் சரி, வேலை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒருவழிக் குண்டு என்றே போகும்.