மறு: பாஸ்த்ரூ – ‘அவிழாக் கடத்தல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளிக்கருவிக்கு அனுப்பும் வசதியை ஆங்கிலத்தில் பாஸ்த்ரூ என்கிறார்கள். நாம் தமிழாக்கும் மென்பொருளில் அதற்கு என்ன சொல் வைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து ஒருசேரப் படித்தேன். ஊடுகடத்தல், நேர்கடத்தல், மாறாக்கடத்தல், கையளிப்பு, பேசாமல் பாஸ்த்ரூ என்றே விட்டுவிடுவது என்று ஐந்து பக்கமாக நிற்கிறோம். நான் ஏன் இந்த ஐந்தையும் விட்டு ‘அவிழாக் கடத்தல்’ பக்கம் சாய்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது மொழிபெயர்ப்பு மேசையில் இல்லை, வீட்டுக் கூடத்தில்.

தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதன் முதுகில் சதுரமாக ஓர் ஒளியிழைத் துளை உண்டு. அங்கிருந்து ஒரு வடம், ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவருக்குப் போகிறது. ரிசீவரில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முதல் நாள் சத்தமே இல்லை. வடத்தைப் பிடுங்கிப் பார்த்தால் நுனியில் சிவப்பு வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது. சரி, வன்பொருளில் குறை இல்லை என்று ஆல்சாமிக்சரைத் திறந்தேன். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவில் ஒலியளவைச் சரிசெய்யும் நிரல் அது. ஒலியளவுப் பட்டையே இல்லாமல் ஒரு சின்னக் கட்டம், அடியில் ‘ஐஈசி958’ என்று ஒரு பெயர், கட்டத்துக்குள் ‘எம்எம்’. அதுதான் நான் தேடிய துளை, அது அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது. எம் விசையைத் தட்டியதும் ‘ஓஓ’ என்று மாறிப் பாட்டு வந்துவிட்டது.

ஐஈசி958 என்பது, டிஜிட்டல் ஒலியைக் கொண்டுசெல்லும் எஸ்பிடிஐஎஃப் இணைப்புக்கான தரத்தின் பழைய எண். 1997-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தன் தர எண்களோடு 60000-ஐக் கூட்டியது. அன்றிலிருந்து அது 60958. ஆல்சாவில் பழைய எண்ணே தங்கிவிட்டது. ‘ஒளியிழை வெளியீடு’ என்று அங்கே எழுதியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிஞ்சியிருக்கும். ஒரு பெயர் தன் வேலையைச் செய்யாவிட்டால் யாரோ ஒருவரின் மாலைப்பொழுது போகிறது. கலைச்சொல் விவாதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள்தான் பாஸ்த்ரூ. டிவிடியில் இருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டு, பிளேயரில் பாஸ்த்ரூ என்ற பெட்டியில் குறியிட்டேன். வசனம் வரவேண்டிய இடத்தில் முன்பக்க ஸ்பீக்கர் இரண்டிலும் ‘ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல், காதைக் கிழிக்கிற மாதிரி. குழந்தைகள் தூங்குகிற நேரம். இரண்டு இரவு போராடிய பிறகு கண்டுபிடித்தேன்: முன்பு எப்போதோ நான் எழுதி வைத்த ஆல்சா அமைப்புக் கோப்பில் மென்பொருள் வழியாக ஒலியளவைக் குறைக்கும் ஒரு வரி இருந்தது. அது 70 விழுக்காட்டில் நின்றது. அந்த வரியை எடுத்ததும் ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தது, பின்பக்க ஸ்பீக்கரில் மழை பெய்தது.

ஒலியளவைக் குறைத்தால் ஒலி குறைய வேண்டும், ஏன் இரைச்சலாக மாறுகிறது? இதற்கு விடை தெரிந்தால் சொல்லும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிடிஐஎஃப் வடத்தில் அழுத்தாத, அதாவது அளவு சுருக்காத, ஒலி இரண்டு தடங்கள்தான் போகும். நொடிக்கு 48,000 மாதிரி (ஒலியை அளந்தெடுத்த எண்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம்: மொத்தம் நொடிக்கு 15,36,000 பிட். ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனியாக அனுப்ப அதில் இடம் கிடையாது. ஆனால் டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டல் ஒலி ஏற்கெனவே அழுத்தப்பட்டது. ஆறு தடமும் சேர்ந்தே நொடிக்கு அதிகபட்சம் 4,48,000 பிட்தான். அந்த மூட்டையை அப்படியே தூக்கி ஸ்டீரியோ ஒலி போக வேண்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடலாம். அதை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்வது ஐஈசி 61937 என்ற தரம். 32 மில்லிநொடிக்கு ஒரு மூட்டை. பெட்டியின் கொள்ளளவு 6,144 பைட்டு, மூட்டை 1,792 பைட்டு. மீதி இடத்தைச் சுழியம் நிரப்பிவிடும். ஒவ்வொரு மூட்டையின் தலையிலும் மாறாத இரண்டு அடையாள எண்கள் இருக்கும். ரிசீவர் அந்த எண்களைக் கண்டால், ‘இது ஸ்டீரியோ இல்லை, மூட்டை’ என்று அறிந்து பிரிக்கத் தொடங்கும்.

இப்போது ஒலியளவை 70 விழுக்காடு ஆக்கினால் கணினி என்ன செய்கிறது? போகிற ஒவ்வொரு எண்ணையும் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் பெருக்குகிறது. அடையாள எண்களும் அதில் அடிபடும். ரிசீவர் அவற்றைக் காணாமல், வந்ததைச் சாதாரண ஸ்டீரியோ என்று எண்ணி அப்படியே ஸ்பீக்கருக்கு விடுகிறது. நாம் கேட்கும் இரைச்சல் கட்டோடு சிதைந்த மூட்டையின் சத்தம். மாதிரி வீதத்தை 44,100-இலிருந்து 48,000-க்கு மாற்றினாலும் இதே கதிதான். புதுமடல் வந்ததற்கு ஒரு ‘டிங்’ ஓசையை நடுவில் கலந்தாலும் இதே கதிதான். பாஸ்த்ரூ ஓடும்போது மற்ற மென்பொருள்களின் ஒலி கேட்காததும், பிளேயரின் ஒலியளவு பொத்தான் வேலை செய்யாததும் இதனால்தான். அது பழுது இல்லை. ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் ரிசீவரின் ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும்.

கட்டுச்சோற்று மூட்டையை வழியில் அவிழ்க்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற வேலை இது. அவிழ்ப்பது ரிசீவரின் பொறுப்பு. கணினிக்குச் சுமக்கிற வேலை மட்டும். பாஸ்த்ரூ என்ற ஆங்கிலச் சொல் இதைச் சொல்லவே இல்லை. ‘ஊடாகப் போகிறது’ என்பதோடு அது நின்றுவிடுகிறது. தமிழில் புதிதாகச் செய்யும்போது அந்தக் குறையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமா?

இதுவே ‘ஊடுகடத்தல்’ மேல் எனக்குள்ள தயக்கம். சொல் அழகாக இருக்கிறது, எக்ஸ்ரேயைக் குறிக்கும் ‘ஊடுகதிர்’ போலப் பழகிய வடிவமும் கூட. ஆனால் ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியை எடைக்கு எடை வைத்தது போல இருக்கிறது. படிப்பவருக்கு ‘தொடாதே’ என்ற செய்தி போய்ச் சேராது. ‘நேர்கடத்தல்’ என்பதற்கும் அதே குறை. நேராகப் போவதற்கும் பிரிக்காமல் போவதற்கும் தொடர்பு இல்லை.

> மாறாக்கடத்தல் போதுமே. ஒரு பிட் கூட மாறக்கூடாது என்பதுதானே விஷயம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு. ஆனால் பிட் மாறாமல் போவது என்பது வேறொரு பொருளுக்கும் தேவைப்படும் சொல். இழப்பின்றிச் சுருக்கி வைத்த இசைத்தட்டு ஒலியைக் கணினி பிரித்து, ஸ்டீரியோவாக, ஒரு பிட்டும் மாறாமல் வெளியே அனுப்பலாம்; இசை ஆர்வலர்கள் அதற்காகவே மெனக்கெடுகிறார்கள். அங்கே மூட்டை அவிழ்ந்துவிட்டது, எண்கள் மட்டும் மாறவில்லை. ஆகவே ‘மாறா’ என்பதை அதற்கு வைத்துக்கொள்வோம். இங்கே அவிழாமை முக்கியம்.

கடத்தல் என்றாலே தங்கக் கடத்தல், ஆள் கடத்தல் நினைவுக்கு வருகிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். செய்தித்தாளில் ஆம். ஆனால் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்த எவருக்கும் மின்கடத்தி, வெப்பக் கடத்தல், குறைக்கடத்தி எல்லாம் தெரியும். செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது என்று எழுதும்போது யாரும் காவல்துறையை நினைப்பதில்லை. அடைமொழி சேர்ந்ததும் பொருள் தெளிந்துவிடுகிறது. அதே காரணத்தால்தான் ‘பிரியாக் கடத்தல்’ என்ற என் முதல் பரிந்துரையை நானே விலக்கிக்கொள்கிறேன்: அங்கே அடைமொழி ஒரு பெண்ணின் பெயராகப் படிக்கப்படும், தலைப்பு ஒரு குற்றச்செய்தி ஆகிவிடும். அந்தக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

> ‘அவிழ்’ என்றால் ஆடை நினைவு வராதா? பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் மென்பொருள்.

வராது என்று நம்புகிறேன். முடிச்சு அவிழ்கிறது, மூட்டை அவிழ்கிறது, கட்டுத்தறியில் மாட்டை அவிழ்க்கிறோம், புதிர் அவிழ்கிறது, மொட்டு அவிழ்கிறது. சங்கப் பாடல்களில் பூ மலர்வதற்கு இந்தச் சொல் ஏராளம். ஒரு நல்ல வினையை ஒரே ஒரு பயன்பாட்டுக்குப் பறிகொடுக்க எனக்கு மனம் இல்லை.

இலக்கண ஐயம் ஒன்றும் எழுந்தது. அவிழாமல் இருப்பது ஒலி மூட்டை, கடத்தல் இல்லையே, பிறகு எப்படி ‘அவிழா’ கடத்தலுக்கு அடையாகும்? உண்ணாநோன்பைப் பாருங்கள். உண்ணாமல் இருப்பது ஆள், நோன்பு அல்ல. இடைநில்லாப் பேருந்து, செல்லாக் காசு என்று இந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நம் தெருவிலேயே புழங்குகிறது. அகராதி புரட்டாதவரும் கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் வடிவம் இது. புதுச்சொல்லை இப்படிப் பழகிய அச்சில் வார்ப்பது பாதி வெற்றி.

இலங்கை நண்பர் சொன்ன ‘கையளிப்பு’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை இந்த இடத்துக்கு வேண்டாம் என்கிறேனே தவிர, தள்ளிவிடவில்லை. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளில் வரைகலை அட்டையை முழுதாக உள்ளே இருக்கும் விருந்தினர் இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறோமே, அதையும் ஆங்கிலத்தில் பாஸ்த்ரூ என்கிறார்கள். அங்கே எதுவும் கடத்தப்படுவதில்லை, பொருளே கைமாறுகிறது. அதற்குக் கையளிப்பு கச்சிதம். தலையில் மாட்டும் மெய்நிகர்க் காட்சிக் கருவியில் கேமரா வழியாக வெளியே பார்ப்பதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்; அதற்கு ‘வெளிக்காட்சி’ போல வேறொன்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் மூன்று வேலைக்கு ஒரு சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எச்டிஎம்ஐ வந்த பிறகு இந்தச் சொல் தேவையா என்று ஒரு கேள்வி. எச்டிஎம்ஐ வடத்தில் அழுத்தாத ஒலியே எட்டுத் தடம் போகும். கணினியே மூட்டையை அவிழ்த்து அனுப்பலாம், பல வீடுகளில் அதுவே நல்லது, ஒலியளவு பொத்தானும் வேலை செய்யும். ஆனால் டால்பி அட்மாஸ் போன்றவற்றில் எந்த ஓசை அறையின் எந்த மூலையில் இருந்து வர வேண்டும் என்ற குறிப்பு தனியாக இருக்கும். லினக்ஸில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல்தொகுப்பு, ட்ரூஎச்டி என்ற டால்பி ஒலிவகையின் மூட்டையை அவிழ்க்கும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுவிடும். கூரை ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அவிழாமல் போவதுதான் வழி. ஆக, தேவை போகவில்லை.

மென்பொருளின் அமைப்புப் பட்டியலில் எப்படி எழுதுவது என்பதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் பெட்டியின் அருகில் ‘அவிழாக் கடத்தலை அனுமதி’ என்று எழுத வேண்டாம். தமிழ் வினையில் மூச்சு விடுகிற மொழி. ‘ஒலியை அவிழ்க்காமல் ரிசீவருக்கு அனுப்பு’ என்று எழுதினால் வீட்டில் அம்மாவும் படித்துப் புரிந்துகொள்வார். அடியில் வரும் விளக்கத்தில், ‘இது அவிழாக் கடத்தல், ரிசீவர் கையேடுகளில் பாஸ்த்ரூ என்று இருக்கும். இதைத் தேர்ந்தால் ஒலியளவை ரிசீவரில்தான் மாற்ற முடியும்’ என்று மூன்று செய்தியும் வந்துவிடும். பாஸ்த்ரூ என்றே விடச் சொன்னவர்களின் கவலையும் அதில் தீரும், ஏனென்றால் தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். அங்கே வினை என்பதால் ‘அவிழ்க்காமல்’. பெயராக நிற்கும்போது ‘அவிழா’. இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வோம்.

டால்பி, டிடிஎஸ், எச்டிஎம்ஐ எல்லாம் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். ரிசீவரை ‘ஏற்பி’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதினார். கடையில் போய் ஏற்பி கேட்டால் கிடைக்காது, அதனால் ரிசீவர் என்றே வைத்திருக்கிறேன். லினக்ஸின் மற்றோர் ஒலி மென்பொருளான பல்ஸ்ஆடியோ அமைப்பில் ‘சிங்க்’ என்று வருகிறதே, ஒலி போய்ச் சேரும் இடம், அதற்கு வேண்டுமானால் ஏற்பியைச் சேமித்து வைக்கலாம்.

இன்னும் ஒன்று மீதம்: ஆறு தடத்தை இரண்டாகச் சுருக்கிக் கலப்பதற்கான சொல். ‘தடச்சுருக்கம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், மனதுக்கு ஒட்டவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.

ஒலி அமைப்புப் பக்கத்தின் சரங்களை, அதாவது திரையில் தெரியும் தொடர்களின் தமிழாக்கத்தை, வரும் வெள்ளி இரவு பதிவேற்ற எண்ணியிருக்கிறேன். ‘அவிழ்’ மீது இன்னும் தயக்கம் உள்ளவர்கள் அதற்குள் வேறொரு வினையோடு வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த வினையை ‘-க்காமல் அனுப்பு’ என்ற வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்