விகடகவியைத் திருப்பினால் 'கி' எங்கிருந்து வருகிறது? பைத்தான் உதவி தேவை

முதல்படி:
வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழி ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. ஒரு சொல் திருப்பிப் போட்டாலும் அதேதானா என்று பார்க்கும் பயிற்சி செய்கிறேன். நான் எழுதியது ஒரே வரிதான் ([::-1] என்றால் தலைகீழாகத் திருப்பு):

சொல் == சொல்[::-1]

ஆங்கிலத்தில் லெவல், மேடம் இரண்டுக்கும் ட்ரூ வந்தது. சரி, நம்ம சொல்லையே போட்டுப் பார்ப்போம் என்று விகடகவி கொடுத்தேன். ஃபால்ஸ்! மாமா, பாப்பா, காக்கா எல்லாமே ஃபால்ஸ்தான். ஆனால் 'கலக' கொடுத்தால் ட்ரூ. திருப்பிய விகடகவியை பிரிண்ட் செய்தால் முதலில் ஒரு புள்ளிவட்டத்தோடு கொக்கி, அப்புறம் 'வகடகிவ' என்று வருகிறது. என் சொல்லில் 'கி' கிடையவே கிடையாது. பைத்தானுக்குத் தமிழ் வராதா, இல்லை நான் எங்கேயாவது சொதப்பியிருக்கிறேனா? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பழைய_விசைப்பலகை:
தங்கச்சி, துப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். கலக வேலை செய்கிறது, மாமா செய்யவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? விடை சொல்வதற்கு முன் ஒரு வேலை. லென் போட்டு கலக, மாமா, விகடகவி மூன்றின் நீளத்தையும் பாருங்கள். அப்புறம் ஒரு ஃபார் லூப் வைத்து விகடகவியை ஒரு வரிக்கு ஒரு குறியாக பிரிண்ட் செய்து, வந்ததை அப்படியே இங்கே போடுங்கள்.

முதல்படி:
கலக 3, மாமா 4, விகடகவி 7. லூப் தந்தது: வ, கொக்கி, க, ட, க, வ, கொக்கி. ஓ! 'வி' அதற்கு இரண்டு துண்டா?

பழைய_விசைப்பலகை:
அதேதான். யூனிகோடில், அதாவது கணினி ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் தரும் முறையில், தமிழுக்கான முதன்மைத் தொகுதியில் இருக்கும் இடமே 128தான். நம் எழுத்தோ 247. அங்கே உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் கிடையாது. 'வ' ஒரு குறி, இகரக் கொக்கி இன்னொரு குறி. திருப்பும்போது பைத்தான் ஏழு குறிகளையும் கடைசியிலிருந்து அடுக்குகிறது: கொக்கி, வ, க, ட, க, கொக்கி, வ. முதல் கொக்கிக்கு முன்னால் எழுத்து இல்லாததால் புள்ளிவட்டம். இரண்டாவது கொக்கிக்கு முன்னால் 'க' நிற்கிறது, அதில் ஒட்டிக்கொண்டது. உங்கள் 'கி' பிறந்த கதை இதுதான்.

இன்னொரு வேடிக்கை. இலக்கணத்தில் 'க்'கோடு 'அ' சேர்ந்து 'க' ஆகிறது. இங்கே தலைகீழ்: 'க'தான் அடிப்படை, அதன் மேல் புள்ளி வைத்தால் 'க்'. பள்ளியில் படித்ததை நம்பி நிரல் எழுதினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

இப்போது கணினியை மூடுங்கள். தாளில் அந்த ஏழு குறிகளையும் வரிசையாக எழுதி, கையால் ஐந்து எழுத்தாகச் சேருங்கள். சேர்க்கும்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்களோ அதுதான் உங்கள் நிரல்.

ராத்திரி_கோடர்:
இவ்வளவு சுற்ற வேண்டாமே. யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் கம்பைனிங் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பூஜ்யம் வராவிட்டால் ஒட்டும் குறி. முடிந்தது.

பழைய_விசைப்பலகை:
தம்பி, ஓட்டிப் பார்த்தீர்களா? தமிழில் அது புள்ளிக்கு மட்டும் 9 தரும். கால், கொக்கி, கொம்பு எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான். விகடகவி ஏழாகவே இருக்கும். அதே மாட்யூலில் கேட்டகரி என்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். துணைக்குறிகளுக்கு 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் விடை வரும், புள்ளிக்கும் அப்படியே. ஆய்தத்துக்கு 'எல்', ஆகவே அது தனி எழுத்தாகவே நிற்கும்.

ராத்திரி_கோடர்:
ஓட்டிப் பார்க்கவில்லை அண்ணா. இப்போது பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி.

முதல்படி:
தாளில் செய்தேன். மனசுக்குள் சொன்னது: "எழுத்து வந்தால் புதுசா வை. குறி வந்தால் முன்னால் இருப்பதோடு ஒட்டு." அதையே எழுதினேன் (ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கிப் போடுகிறேன்):

எழுத்துகள் = []
சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
    கேட்டகரி 'எம்'மில் தொடங்கினால்:
        கடைசி = எழுத்துகள்[-1]
        கடைசி = கடைசி + குறி
    இல்லையென்றால்:
        எழுத்துகளில் குறியைச் சேர்
எழுத்துகள் == எழுத்துகள்[::-1]

விகடகவி ட்ரூ! மாமா, பாப்பா, காக்கா, குடகு எல்லாம் ட்ரூ! ரொம்ப நன்றி அண்ணா!!

தறிக்காரி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 'ஆமாம்' என்று வர வேண்டிய சொற்களை மட்டுமே கொடுத்திருக்கிறாய்ம்மா. 'மாமி' கொடுத்துப் பார்.

முதல்படி:
அக்கா... மாமிக்கும் ட்ரூ வருகிறது. காக்கிக்கும் ட்ரூ. அழுகை வருகிறது.

தறிக்காரி:
அழாதே, எழுத்துகள் லிஸ்ட்டை பிரிண்ட் செய். மாமிக்கு ம, ம என்றுதானே இருக்கிறது? கால், கொக்கி இரண்டும் காணாமல் போய்விட்டன. விகடகவியும் வ, க, ட, க, வ ஆகித்தான் பாஸ் ஆனது.

தப்பு அந்த 'கடைசி'யில். அது லிஸ்ட்டின் கடைசி இடம் இல்லை, அங்கே இருக்கிற ஸ்ட்ரிங்கின் (குறிகளின் கோர்வை) மேல் நீ ஒட்டிய ஒரு பெயர்ச்சீட்டு. பைத்தானில் ஸ்ட்ரிங்கை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. கூட்டல் போட்டதும் 'மா' என்று புது ஸ்ட்ரிங் ஒன்று உருவாகிறது, சீட்டைப் பிய்த்து அதில் ஒட்டிவிட்டாய். லிஸ்ட்டுக்குள் பழைய 'ம' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. லிஸ்ட்டின் இடத்திலேயே எழுது:

எழுத்துகள்[-1] = எழுத்துகள்[-1] + குறி

நான் படித்த காலத்தில் இதே தப்பில் ஒரு வாரம் போனது. அதனால்தான் பார்த்ததும் தெரிந்தது.

முதல்படி:
மாற்றினேன். மாமா ட்ரூ, மாமி ஃபால்ஸ், காக்கா ட்ரூ, காக்கி ஃபால்ஸ். இந்த முறை லிஸ்ட்டையும் பிரிண்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'தேரு வருதே' மட்டும் ஃபால்ஸ். நடுவில் இருக்கும் இடைவெளிதானே காரணம்? ரீப்ளேஸ் போட்டு எடுத்ததும் ட்ரூ வந்துவிட்டது.

பழைய_விசைப்பலகை:
பிரமாதம். இனி இரண்டு சின்ன விஷயம். 'மோ'வை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், பைத்தானுக்கு வேறு வேறு. வெவ்வேறு இடங்களிலிருந்து ஒட்டிய எழுத்து என்றால், முதலில் அதே மாட்யூலின் நார்மலைஸை 'என்.எஃப்.சி.' என்று கொடுத்து ஓட்டிவிடுங்கள், இரண்டும் ஒரே வடிவமாகிவிடும். அப்புறம், எழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் என்ற நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் தயாராகவே இருக்கிறது. முதலிலேயே சொல்லாததற்குக் கோபிக்க வேண்டாம்.

பெரிய சோதனை வேண்டுமென்றால், தமிழில் இந்த வித்தைக்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். முதல் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

முதல்படி:
கொடுத்தேன். இடைவெளியும் வரி முறிவும் எடுத்தபின் லென் 56, என் லிஸ்ட்டில் 28, விடை ட்ரூ. கடைசி எழுத்தை மட்டும் மாற்றி மறுபடி கொடுத்தேன், ஃபால்ஸ். தறிக்காரி அக்கா, பார்த்தீர்களா!

தறிக்காரி:
பார்த்தேன், பார்த்தேன். இப்போது ஒன்றுமே எழுதாத காலி ஸ்ட்ரிங்கைக் கொடு. அப்புறம் கொக்கியிலேயே தொடங்கும் ஒன்றைக் கொடு, உன் பழைய 'வகடகிவ' மாதிரி.

முதல்படி:
காலிக்கு ட்ரூ. கொக்கிக்கு இன்டெக்ஸ் எரர். லிஸ்ட் காலியாக இருக்கும்போது [-1] கேட்கிறேன், அதுதானே? நானே சரி செய்கிறேன், யாரும் சொல்லாதீர்கள்.