[கலைச்சொல்] வில்லுக்கத்தியா, விற்கத்தியா, வின்மடக்கா?

காவேரிப்பட்டணத்தான் — ஞாயிறு, காலை 6:40

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், வியாழக்கிழமைக்குள். என்னிடம் உள்ள மடக்குக் கத்திகளில் 38-ஐ வெள்ளியன்று எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில் பார்வைக்கு வைக்கிறேன். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் நிபந்தனை. நியாயம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தேன், முதல் சீட்டிலேயே நின்றுவிட்டேன்.

இந்த வகையை ஆங்கிலத்தில் ஸ்லிப் ஜாயின்ட் என்கிறார்கள். ஃபிட்டர் பாடம் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குள் முதுகுப் பக்கமாக ஓர் எஃகுப் பட்டை, அதுதான் வில். அதன் பின்முனையும் நடுவும் ஆணியில் நிற்கும், முன்முனை மட்டும் ஏறி இறங்கும். அலகின் அடிப்பகுதியில் தட்டையான பக்கங்களும் மூலைகளும் உண்டு. மூலை வரும்போது வில் தூக்கப்படுகிறது, தட்டைப் பக்கம் வந்ததும் 'டப்' என்று இறங்கி அமர்கிறது. அவ்வளவுதான். பூட்டு கிடையாது. விரித்த அலகை முதுகுப் பக்கத்திலிருந்து அழுத்தினால் மடங்கி விரலில் இறங்கும். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டியது இந்த ஒன்றுதான்.

பேனாக்கத்தி என்று எழுதலாம் என்று பார்த்தால், போன மாதம் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் "இதுல பேனா எங்க தாத்தா?" என்று கேட்டான். இறகுப் பேனாவைச் சீவிய காலத்துப் பெயர் என்று விளக்கினேன். "இறகுல எப்படி எழுதுவாங்க?" என்றான். நண்பர் ஒருவர் 'நழுவுமூட்டுக் கத்தி' என்று மொழிபெயர்த்துத் தந்தார். எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய கத்தி போல இருக்கிறது.


பென்னாகரம் டீச்சர் — ஞாயிறு, காலை 9:15

ஐயா, மடிகத்தி என்று வைக்கலாமே. மடிந்த கத்தி, மடிகின்ற கத்தி, மடியும் கத்தி. வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'க்' போடக் கூடாது. போட்டால் மடிக்கத்தி ஆகிவிடும், அதாவது மடியில் செருகிய கத்தி.

சொல்லப்போனால் அதுவும் பொருந்தும். என் தாத்தா வேட்டி மடிப்பில் வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, ஒரு சின்னக் கத்தி மூன்றையும் வைத்திருப்பார். உட்கார்ந்தால் கத்திதான் முதலில் விழும்.


ஓசூர் தம்பி — ஞாயிறு, காலை 9:32

டீச்சர், வேண்டாம்! மடிக்கணினிச் சண்டை நினைவிருக்கிறதா? அது மடியில் வைப்பதா, மடிவதா என்று நாம் பட்ட பாடு போதும். அந்த ஒரு 'க்'குக்கு எத்தனை மடல்!

தவிர, மடிவது எல்லா மடக்குக் கத்திக்கும் பொது. எதனால் விரிந்து நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. நான் மூன்றாகப் பிரிப்பேன். வில் அழுத்தி நிறுத்துவது வில்மடக்கு. பூட்டிக்கொள்வது தாழ்மடக்கு. வில்லும் இல்லாமல் பூட்டும் இல்லாமல் ஆணியின் இறுக்கத்திலேயே நிற்பது இறுக்குமடக்கு, ஜப்பானின் ஹிகோனோகாமி மாதிரி. பிரான்சின் ஒப்பினெல் 1890-இல் இறுக்குமடக்காகப் பிறந்தது, 1955-இல் கழுத்தில் திருகு வளையம் போட்டதும் தாழ்மடக்காகிவிட்டது. ஒரே கத்தி, இரண்டு வகுப்பு. எத்தனை வசதி பாருங்கள்.


அரூர் ஐயா — ஞாயிறு, இரவு 10:05

தம்பியின் வகைப்பாடு அருமை. ஆனால் 'வில்மடக்கு' என்று எழுதிய கையை என்ன செய்வது? கல்+மலை கன்மலை என்றால் வில்+மடக்கு வின்மடக்கு. கத்தி என்றே முடிக்க விரும்பினால் விற்கத்தி. லகரம் வல்லினத்தின் முன் றகரமாகும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

மடக்கு என்ற சொல்லிலும் ஒரு சுகம் இருக்கிறது. அணியிலக்கணத்தில் ஒரே சொல் மடங்கி வந்து வேறு பொருள் தருவது மடக்கு. கத்தியும் மடங்கும்போது ஒரு பொருள், விரியும்போது இன்னொரு பொருள்.

'கத்தி' பற்றியும் சொல்லியாக வேண்டும். கத்துவதால் கத்தி என்பது என் நெடுநாள் கருத்து. காவேரிப்பட்டணத்தார் சொன்ன அந்த 'டப்' ஓசையே சான்று. இரும்பும் அதற்கான சொல்லும் நம் மண்ணில் பிறந்தவை. உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.


பென்னாகரம் டீச்சர் — திங்கள், காலை 7:50

ஐயா, மயிலாடும்பாறையில் மடக்குக் கத்தி கிடைத்ததா?

கத்துவதால் கத்தி என்றால் காகத்துக்கும் கத்தி என்று பெயர் வைத்திருக்க வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்தி என்பது வாளையும் குறிக்கும். அங்கே எந்த வாள் கத்தியது? ஓசூர்ப் பக்கம் அவர்கள் சின்னக் கத்தியைச் சாக்கு என்கிறார்கள், பாரசீகத்திலிருந்து வந்தது. நம்மவர் காதில் அது கோணிப்பையாக விழுகிறது. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

விற்கத்தி இலக்கணப்படி சரி, மறுக்கவில்லை. ஆனால் பெட்டி மேல் 'விற்கத்தி' என்று எழுதி ஒட்டினால், பாதிப் பேர் 'விற்க' வரை படித்துவிட்டு விலை கேட்பார்கள்.


அரூர் ஐயா — திங்கள், காலை 8:20

சேரனின் விற்கொடியைப் பார்த்து யாரும் கொடி விலைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கவில்லை, அம்மா.


ஓசூர் தம்பி — திங்கள், காலை 8:24

அப்போது பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டவில்லை, ஐயா. வின்மடக்கு என்று வாயால் சொல்லிப் பாருங்கள், வானத்தையே மடிக்கிற மாதிரி கேட்கிறது.


காவேரிப்பட்டணத்தான் — திங்கள், மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி. சொல் இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

'டப்' பற்றி ஐயா சொன்னதால் ஒன்று சொல்கிறேன். சேகரிப்பவர்கள் ஒரு கத்தியைக் கையில் வாங்கினால் அலகின் கூரைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் நடையையும் பேச்சையும்தான் பார்ப்பார்கள். அவர்கள் வைத்த பெயரே அதுதான். திறக்கும்போது விரலுக்குத் தெரியும் இழுவை நடை, வந்து அமரும் ஓசை பேச்சு. நல்ல கத்தி பாதி வழியிலும் ஒரு தடவை நின்று யோசிக்கும். அலகின் அடி சதுரமாக இருந்தால்தான் அந்த அரைநிறுத்தம் வரும். வில் தளர்ந்த கத்தி பேசாது, முனகும். என்னிடம் இங்கிலாந்தின் ஷெபீல்டில் செய்த பழையது ஒன்று இருக்கிறது, நட்சத்திரமும் சிலுவையும் பொறித்தது. அதைத் திறந்தால் பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்காரம்மா "ஆரம்பிச்சாச்சா?" என்பார்.

அலகு எண்ணிக்கைக்கும் சொல் வேண்டும். ஓரலகு, ஈரலகு, மூவலகு என்று வைத்திருக்கிறேன். அந்த ஷெபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் 1822 அலகு கொண்ட ஒரு காட்சிக் கத்தியே செய்தது. அதற்கு எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி போடும் வேலையை ஐயாவிடமே விட்டுவிடுகிறேன்.

பிடி பற்றிய சீட்டு எழுதியாகிவிட்டது. ஒன்று மாட்டெலும்பு, ஒன்று கருங்காலி. அந்தக் காலத்தில் நம் நாட்டுக் கடமான் கொம்பு இதற்கென்றே கப்பலேறியது. இன்றைக்கு வனவுயிர்ச் சட்டப்படி அதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதனால் படம் மட்டும்.


சந்தூர் நாற்றங்கால்காரன் — திங்கள், இரவு 9:10

அண்ணா, நான் மடல்களைப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இது என் தொழிலில் வருவதால் எழுதுகிறேன்.

மா ஒட்டுக் கட்ட நான் வைத்திருப்பதும் மடக்குக் கத்திதான். குச்சியை ஆப்பு மாதிரி இருபுறமும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இரண்டாம் தடவை கத்தி பட்டால் பரப்பு மேடு பள்ளமாகி ஒட்டு பிடிக்காது. தீட்டித் தீட்டி என் கத்தி அலகு பாதியாகிவிட்டது, கறுத்தும் போய்விட்டது. ஆனாலும் திறந்தால் சத்தம் வரும். சத்தம் வராத கத்தியைக் கையில் கொடுத்தால் எங்கள் ஆட்கள் "வில்லு போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வில்லுக்கத்தி என்று எழுதுங்கள். எல்லாருக்கும் புரியும்.


பென்னாகரம் டீச்சர் — செவ்வாய், காலை 6:55

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது. வில்லுப்பாட்டு என்றுதானே சொல்கிறோம்? விற்பாட்டு என்று சொன்னால் கும்பம் தட்டுபவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மடிகத்தியை நான் திரும்பப் பெறுகிறேன். 'மடிதல்' என்றால் சாதல் என்றும் பொருள் வருவது நேற்று ராத்திரிதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் கத்திப் பெட்டி மேல் அந்தச் சொல் வேண்டாம்.


அரூர் ஐயா — செவ்வாய், காலை 11:40

ஈற்றில் உகரம் சேர்ப்பது பேச்சு வழக்கு. சொல்லு, பல்லு, வில்லு என்று எழுத ஆரம்பித்தால் நாளைக்குப் பாடநூலில் கல்லு வரும். வில்லுப்பாட்டு கலையின் பெயர், நாட்டார் வழக்கு, ஒத்துக்கொள்கிறேன். இது கலைச்சொல். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சந்தூர்க்காரர் கோபிக்க வேண்டாம். அவர் கத்தியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் நம் தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவைதான் நினைவுக்கு வந்தார். தொண்டைமானின் வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, மாளிகையில் பத்திரமாக இருந்தன. அதியமானுடையவை நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. காவேரிப்பட்டணத்தாரே, உங்கள் 38-இல் பட்டறையைப் பார்த்தவை எத்தனை?


காவேரிப்பட்டணத்தான் — செவ்வாய், மதியம் 1:15

நான்கு. மீதி 34-ம் தொண்டைமான் கட்சி. எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, ஈரம் படாமல் வைத்திருக்கிறேன். நேற்று வரை பெருமையாக இருந்தது.

தம்பி சந்தூர், அந்தக் கத்தியை வெள்ளியன்று ஒரு நாள் இரவல் தர முடியுமா?


சந்தூர் நாற்றங்கால்காரன் — செவ்வாய், மதியம் 1:40

வெள்ளி ஒட்டு வேலை இருக்கிறது அண்ணா. சனி என்றால் தரலாம்.


மட்டுறுத்துநர், தருமபுரி — புதன், இரவு 9:00

நாளை சீட்டு அச்சுக்குப் போவதால் கணக்குச் சொல்கிறேன். வில்லுக்கத்திக்கு ஐந்து பேர். வில்மடக்குக்கு இரண்டு, அதில் ஒருவர் இரண்டும் சரி என்கிறார். விற்கத்திக்கு ஒருவர். பேனாக்கத்தியே போதும், இத்தனை மடல் எதற்கு என்று ஒருவர். தாழ்மடக்கு, இறுக்குமடக்கு இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை. படித்தார்களா என்பது வேறு விஷயம்.


ஓசூர் தம்பி — புதன், இரவு 9:12

அப்படியென்றால் ஒரே மேசையில் தாழ்மடக்கு, இறுக்குமடக்கு, வில்லுக்கத்தி. மூன்றாவது மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கிறதே?


மட்டுறுத்துநர், தருமபுரி — புதன், இரவு 9:14

நிற்கட்டும்.


காவேரிப்பட்டணத்தான் — வியாழன், மாலை 5:50

அச்சாகிவிட்டது. 'வில்லுக்கத்தி' என்று பெரிதாக, கீழே 'பூட்டு இல்லை, விரல் கவனம்' என்று சிவப்பில். தட்டச்சு செய்த பையன் நான் சொல்லாமலே 'க்' போட்டிருந்தான். சனிக்கிழமையும் பெட்டி இருக்கும். சந்தூர்க் கத்திக்கு நடுவில் இடம் விட்டிருக்கிறேன்.

அலகின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுக்க ஒரு கீறல் இருக்குமே, அதற்கு 'நகவெட்டு' என்று எழுதிவிட்டேன். நகவெட்டி என்று படிக்கிறார்கள். வேறு சொல் உண்டா?


அரூர் ஐயா — வியாழன், மாலை 6:05

உகிர்க்குழி. விற்கத்தி பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.