புதுப்பிப்பு: சிரட்டையிலேயே திரியும் ரப்பர் பால்

கேரளத்தின் ஆரியங்காவுத் தோட்டங்களில் மழைக்காலத்தில் ரப்பர் பால் சிரட்டையிலேயே திரிவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். "மழைத் தண்ணீர்தான்" என்று பலர் முடித்துவிட்டீர்கள். அது பாதிக் கதை. பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையின் எதிர்மின்னூட்டத்தால்தான் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் உண்டாக்கினால் மின்னூட்டம் குன்றும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதும் இதற்குத்தான்.

பால் திரியாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா நுண்ணுயிரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாஸ்போலிப்பிட் மெல்லச் சிதைந்து கொழுப்பு அமிலங்களாகிறது. அவை அம்மோனியாவுடன் சோப்பாகித் துகளின் மேல் படிகின்றன. அதனால், சேமித்து வைத்த பால் சில வாரங்களில் இன்னும் உறுதிப்படுகிறது!

அம்மோனியாவின் அளவு கேட்டவருக்கு: ஆலையில் செறிவூட்டிய பாலில் வழக்கமாகச் சுமார் 0.7 சதவீதம். வாளியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.