ஏ320: ஃப்ளாப் 2 வெச்சதும் ஆட்டோபைலட் கழண்டுடுது, கடைசி 10 மைல்ல கை பத்தல

விங்லெட் வேலு | இரவு 10:42

ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஏ320 ஓட்டுறேன். சென்னை ரன்வே 07, ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலைப் பிடிச்சு இறங்குறது). கிளைடு ஸ்லோப் (இறங்குற சரிவுப் பாதை) பிடிக்கிற வரைக்கும் எல்லாம் சரி. ஃப்ளாப் (வேகம் குறைஞ்சு இறங்க இறக்கையில நீட்டுற பலகை) 1 வைக்கிறேன், ஒண்ணும் ஆகல. ஃப்ளாப் 2 வெச்ச அடுத்த நொடி ஆட்டோபைலட் கழண்டு அலாரம் அடிக்குது. மூக்கு தூக்கிக்குது. அதைப் பிடிக்கிறதுக்குள்ள கியர் (சக்கரம்) மறந்து போகுது, ஸ்பீடும் குறைய மாட்டேங்குது. அஞ்சு தடவையும் இதேதான். ரீஇன்ஸ்டால் பண்ணிப் பார்த்தாச்சு. இது சிம்மோட பிழையா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ரன்வே ராஜா | 10:49

எந்த சிம்? எந்த ஏ320? ஜாய்ஸ்டிக்கா, யோக்கா (விமான ஸ்டீயரிங்), வெறும் கீபோர்டா? த்ராட்டில் தனியா இருக்கா? ஃப்ளாப் வைக்கும்போது ஸ்பீடு எவ்வளவு? இதெல்லாம் இல்லாம ஜோசியம்தான் பார்க்க முடியும்.

டெட்ஸோன் | 10:55

ஜோசியமே வேண்டாம், இது ஸ்டிக் நடுங்குற கேஸ். ஏ320-ல ஆட்டோபைலட் ஓடும்போது சைடுஸ்டிக்கை ஓரளவுக்கு மேல அசைச்சா கழண்டுடும். உள்ள ஸ்டிக்கோட அசைவை அளக்குற பொட்டன்ஷியோமீட்டர் தேஞ்சிருந்தா, கை வைக்காமலே சிக்னல் எகிறும். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அமுக்கி, ஜாய் டாட் சிபிஎல் திறங்க. ப்ராப்பர்ட்டீஸ்ல இருக்குற கூட்டல் குறியைக் கை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பாருங்க. துடிச்சா சிம்மோட சென்சிட்டிவிட்டி பக்கத்துல டெட் ஸோனை (சின்ன அசைவைக் கண்டுக்காத இடம்) 5-ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் வையுங்க. அதுக்கு மேல போகாதீங்க, ஃப்ளேர்ல (தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கும்போது) ஸ்டிக் செத்த மாதிரி இருக்கும்.

ஓவர்ஹெட் | 11:04

தம்பி, செஸ்னா 172 மாதிரி குட்டி விமானத்துல கையால பத்து ஐஎல்எஸ் ஒழுங்கா இறக்கத் தெரியாதவங்கதான் ஏர்பஸ்ல வந்து "ஆட்டோபைலட் கழண்டுடுச்சு"ன்னு அழறது. கழண்டா என்ன, ஓட்ட வேண்டியதுதானே. மேனுவலைப் படிச்சீங்களா?

ரன்வே ராஜா | 11:07

அவர் கேட்டது ஏன் கழலுதுன்னு. ஓட்டத் தெரியுமான்னு இல்ல சார்.

கிரீன் டாட் | 11:12

வேலு, மூணு கேள்வி.

1. அலாரம் எது? டிங் டிங் டிங்னு விடாம அடிக்கிற மணியா, குதிரைப்படை பாயுற மாதிரி வேகமான முழக்கமா? மணின்னா ஸ்பீடு வரம்பு தாண்டியிருக்கீங்க. முழக்கம்னா ஆட்டோபைலட் கழண்டது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

2. ஃப்ளாப் 1-ஐயும் ஃப்ளாப் 2-ஐயும் எதால வைக்கிறீங்க? மவுஸா, கீபோர்டா, ஸ்டிக் பட்டனா?

3. லோக்கலைசரை (ரன்வே நேர்கோட்டு சிக்னல்) பிடிக்கிறதுக்கு முன்னாடி நேவ் மோடா (போட்டு வெச்ச ரூட்ல தானா போறது), ஹெடிங் மோடா (நீங்க திருப்புற திசையில போறது)?

விங்லெட் வேலு | 11:31

சாரி, அவசரத்துல போட்டுட்டேன். எம்எஸ்எஃப்எஸ் 2020 (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்), ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் (அதுக்கான ஏ320 ஆட்-ஆன்). 12 பட்டன் இருக்குற சாதா ஜாய்ஸ்டிக், ஸ்லைடர்தான் த்ராட்டில். அலாரம் ரெண்டும் அடிக்குது, முதல்ல முழக்கம், அப்புறம் டிங் டிங். பெங்களூர்ல இருந்து சென்னை. ஸ்பீடு மேனேஜ்டுதான் (கம்ப்யூட்டரே வேகத்தை முடிவு பண்றது), 250 லேயே வந்துச்சு. அப்புறம் ஸ்பீடு நாப்பை இழுத்து கையால 180 வெச்சேன், 210-க்குக் கீழ இறங்கல. ஃப்ளாப் 1 மவுஸால. அதுக்கு அப்புறம் நேரம் இல்லாததால ஸ்டிக்லயே பட்டன் 4. டெட் ஸோன் 6 வெச்சுப் பார்த்தேன், மூக்கு தூக்குறது நின்னுடுச்சு. ஆனா ஆட்டோபைலட் இன்னும் கழலுது.

டெட்ஸோன் | 11:33

பார்த்தீங்களா, பாதி சரியாயிடுச்சு. நார்மல் லா-ல (ஏர்பஸ் கம்ப்யூட்டரோட வழக்கமான கன்ட்ரோல் முறை) ஸ்டிக் நடுவுல இருந்தா, ஆட்டோபைலட் போனாலும் விமானம் இருந்த பாதையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். மூக்கு தூக்குதுன்னா ஸ்டிக்ல இருந்து ஏதோ போயிட்டு இருந்துச்சு. 8 வையுங்க, மீதியும் சரியாகும்.

கிரீன் டாட் | 11:40

8 வெச்சாலும் சரியாகாது. ஃப்ளாப் 1 மவுஸ், ஃப்ளாப் 2 பட்டன். பிரச்சினை ஃப்ளாப் 2-ல இல்ல, பட்டன் 4-ல.

சோதிச்சுப் பாருங்க: அதே இடம், ஆட்டோபைலட் போட்டு, 200-க்குக் கீழ ஸ்பீடு. இந்தத் தடவை ஃப்ளாப் 2-ஐ கீபோர்டு எஃப்7-ல வையுங்க. கழலலன்னா குற்றவாளி பட்டன்தான். அப்புறம் கன்ட்ரோல்ஸ் பக்கத்துல ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் "உள்ளீடு வழியாகத் தேடு" பகுதியில பட்டன் 4-ஐ அமுக்குங்க. அந்தப் பட்டனுக்குக் கொடுத்திருக்குற எல்லா வேலையும் வரிசையா வரும். "இன்க்ரீஸ் ஃப்ளாப்ஸ்" தவிர "ஆட்டோபைலட் ஆஃப்" மாதிரி ஏதாவது இருந்தா அதை நீக்கி, ப்ரொஃபைலைப் புதுப் பேருல சேவ் பண்ணுங்க. ஒரே பட்டனுக்கு ரெண்டு வேலை கொடுத்தா சிம் தடுக்காது, ரெண்டையும் சேர்த்தே செய்யும்.

டிங் டிங் தனி. ஃப்ளாப் 2-க்கு வரம்பு 200 நாட். நீங்க 210-ல வெச்சிருக்கீங்க. ஃப்ளாப் 1-க்கு 230, 3-க்கு 185, ஃபுல்லுக்கு 177. ஸ்பீடு டேப்ல சிவப்பு-கருப்புப் பட்டை மேல தொங்குமே, அதுக்குள்ள போகாம வெச்சா நம்பரை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

ஓவர்ஹெட் | 11:46

ஸ்டிக்லயே ஃப்ளாப் பட்டன் வெச்சதுதான் முதல் தப்பு. உண்மையான காக்பிட்ல ஸ்டிக்ல ஃப்ளாப் இருக்கா? ஒரு குவாட்ரன்ட் (தனி லீவர் பெட்டி) வாங்குங்க, இல்ல மவுஸால லீவரை நகர்த்துங்க. மத்ததெல்லாம் வீடியோ கேம்.

கியர் அப் கீதா | 11:52

உண்மையான காக்பிட்ல ரெண்டு பேர் இருக்காங்க. ஓட்டுறவர் "ஃப்ளாப்ஸ் 2"ன்னு சொல்லுவார், பக்கத்துல இருக்குறவர் ஸ்பீடைப் பார்த்துட்டு லீவரை வைப்பார். கியரும் அப்படித்தான், ரேடியோவும் பெரும்பாலும் அவர்தான். வீட்டுல ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தர் செய்யறார். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பதிலாத்தான் அந்தப் பட்டன். இதுல ஏமாத்து எங்க வந்துச்சு?

ஓவர்ஹெட் | 11:55

அப்படின்னா ஆக்டிவ் பாஸும் (பறக்கும்போதே விமானத்தை நிறுத்தி வைக்கிறது) நியாயம்னு சொல்லுவீங்க.

கியர் அப் கீதா | 11:58

கத்துக்கும்போது நியாயம்தான். ஆனா ஆக்டிவ் பாஸ்ல விமானத்தோட இடம்தான் உறையும், எரிபொருளும் சிஸ்டமும் ஓடிக்கிட்டே இருக்கும். கிளைடு ஸ்லோப் மேல பாஸ் போட்டு விடுவிச்சா ஸ்பீடு ட்ரெண்ட் (வேகம் எங்க போகுதுன்னு காட்டுற அம்பு) எகிறும். எம்சிடியூ (ரூட், வேகம் எல்லாம் தட்டுற காக்பிட் கம்ப்யூட்டர்) நிரப்பணும்னா க்ரூஸ்ல போடுங்க, அப்ரோச்ல வேண்டாம்.

ரன்வே ராஜா | நள்ளிரவு 12:03

ஆக்டிவ் பாஸுக்கு வேற இழை (த்ரெட்) இருக்கு, அங்க போய் அடிச்சுக்கோங்க.

ஓவர்ஹெட் | 12:05

நான் ஆரம்பிக்கல.

கிரீன் டாட் | 12:21

வேலு, கை பத்தலங்கிறதுக்கு வரேன். அதுக்குக் காரணம் கடைசி 10 மைல் இல்ல, நீங்க எடுத்த ரூட். பெங்களூர்–சென்னை நேர் தூரம் சுமார் 145 நாட்டிகல் மைல். ஆயிரம் அடிக்கு 3 மைல், வேகம் குறைக்க இன்னொரு 10 மைல்னு கணக்குப் போடுங்க. 35,000 அடி ஏறினா இறங்கவே 115 மைல் வேணும், ஏறுறதுக்கு 30 மைல்தான் மிச்சம். அது நடக்காது. கிழக்கே போறதால ஒற்றைப்படை லெவல் (ஆயிரம் அடிக் கணக்குல), 21,000 அடி போதும். 63-உம் 10-உம் 73 மைல்ல இறங்க ஆரம்பிக்கலாம். அப்பவும் க்ரூஸ்ல மூச்சு விட நேரம் இருக்காது. அதனால அப்ரோச் வேலையை எல்லாம் பெங்களூர் கேட்லயே முடிச்சுடுங்க: எம்சிடியூவோட பெர்ஃப் அப்ரோச் பக்கத்துல க்யூஎன்எச் (காற்றழுத்தம்), வெப்பநிலை, காற்று, மினிமம் (ரன்வே தெரியலன்னா திரும்ப வேண்டிய உயரம்). ஐஎல்எஸ் அலைவரிசை ரேட் நேவ் (ரேடியோ) பக்கத்துல வந்திருக்கான்னு ஒரு பார்வை. இறங்க ஆரம்பிச்சதும் எல்எஸ் பட்டன் (ஐஎல்எஸ் குறிகளைத் திரையில காட்டும்), ஆட்டோபிரேக். 10,000 அடியில லைட். 10,000-க்குக் கீழ எம்சிடியூவைத் தொடுறது ஒரே ஒரு வேலைக்காக மட்டும் இருக்கணும்.

அந்த ஒரு வேலைதான் உங்க 250-க்கு மருந்து. மேனேஜ்டு ஸ்பீடு குறையணும்னா அப்ரோச் ஃபேஸ் ஆக்டிவேட் ஆகணும். நேவ் மோடுல டிசெல் புள்ளியை (ரூட்ல வேகம் குறைக்க ஆரம்பிக்கிற இடம்) தாண்டினா அது தானா ஆகும். ஹெடிங் மோடுல போனா ஆகாது. மூணாவது கேள்விக்கு நீங்க பதில் சொல்லல, ஆனா 250-ல வந்து சேர்ந்ததைப் பார்த்தா ஹெடிங்தான்னு நினைக்கிறேன். ஹெடிங்ல போறதா இருந்தா ரன்வேக்கு 15 மைல் இருக்கும்போதே பெர்ஃப் பக்கத்துல ஆக்டிவேட் அப்ரோச் ஃபேஸை அமுக்கி, கன்ஃபர்முக்கு இன்னொரு தடவை அமுக்குங்க.

180 வெச்சும் ஏன் இறங்கலன்னா, 3 டிகிரி சரிவுல ஃப்ளாப் 1 மட்டும் இருந்தா ஏ320 சறுக்கிக்கிட்டேதான் போகும், வேகத்தை விடாது. ஒண்ணு, 3,000 அடியில கிடைமட்டமாப் போகும்போதே ஃப்ளாப் 1-உம் 190-க்குப் பக்கமான வேகமும் வெச்சுட்டு கிளைடு ஸ்லோப்பைக் கீழ இருந்து பிடிங்க. இல்ல, மாட்டிக்கிட்டா கியரை முதல்ல இறக்குங்க. 250 வரைக்கும் இறக்கலாம், அதை விட நல்ல பிரேக் கிடையாது. ஸ்பீடுபிரேக்கும் உதவும், ஆனா ஃப்ளாப் ஃபுல் போனா ஏ320-ல அது தானா உள்ள போயிடும். அதை நம்பி உட்காராதீங்க. 1,000 அடியில கியர், ஃபுல் ஃப்ளாப், ஸ்பீடு எல்லாம் நிலையா இருக்கணும். இல்லன்னா கோ அரவுண்ட் (இறங்காம மேல ஏறி மறுபடி வர்றது).

பட்டன் விஷயம். ஆட்டோபைலட் கழட்டுற பட்டன் ஸ்டிக் மேல கட்டைவிரலுக்கு, தனியா, வேற எந்த வேலையும் இல்லாம. ஃப்ளாப் ஏத்த, இறக்க ரெண்டு பட்டனும் கியரும் ஜாய்ஸ்டிக் அடித்தட்டுல, இடது கைக்கு. டிரிம் பட்டனே வேண்டாம், ஏர்பஸ் தானா டிரிம் பண்ணிக்கும், அங்க ரெண்டு பட்டன் மிச்சம். ஸ்பாய்லர் ஆர்ம் (தரை தொட்டதும் இறக்கைத் தடுப்பு தானா எழும்ப வைக்கிறது) அவசரம் இல்ல, கியருக்கு அப்புறம் மவுஸால இழுத்தாப் போதும். பார்வையை மவுஸால திருப்பாதீங்க, நேரம் எல்லாம் அதுலதான் போகுது. எஃப்சியூ (ஆட்டோபைலட் நாப் பலகை), எம்சிடியூ, பெடஸ்டல் (நடுவுல லீவர் இருக்குற மேடை) மூணோட பார்வையையும் கன்ட்ரோல், ஆல்ட், எண் சேர்த்து அமுக்கி சேவ் பண்ணுங்க. அப்புறம் ஆல்ட்டும் அந்த எண்ணும் அமுக்கினா நேரா அங்க போகும்.

டெட்ஸோன் | 12:30

ஸ்லைடர் த்ராட்டிலை விட்டுட்டீங்க. ஃப்ளைபேட்ல (ஏ32என்எக்ஸ் காக்பிட்ல இருக்குற டேப்லட்) த்ராட்டில் கேலிப்ரேஷன் பண்ணி சிஎல்பி டிடென்ட்டுக்கு (ஏறும்போது லீவர் நிக்கிற பள்ளம்) அகலமான டெட்பேண்ட் கொடுக்கணும். ஸ்லைடர் நடுங்கி சிஎல்பியை விட்டு நழுவினா திரையில மேல எல்விஆர் சிஎல்பின்னு (லீவரை சிஎல்பில வைன்னு) மின்னும், ஆட்டோத்ரஸ்ட் சரியா வேலை செய்யாது. அதுவும் பொட்டன்ஷியோமீட்டர்தான்.

கிரீன் டாட் | 12:34

இது சரி. கேலிப்ரேஷன் பண்ணுங்க.

விங்லெட் வேலு | மறுநாள் காலை 7:15

எஃப்7-ல கழலல. பட்டன் 4-ல ரெண்டும் இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப சரி. நன்றி எல்லாருக்கும்.

கிரீன் டாட் | 7:40

நல்லது. ஸ்பீடு? நேவா, ஹெடிங்கா?

போயிங் பாபு | 9:02

எனக்கும் இதே பிரச்சினை, ஆனா 737. என்ன பண்றது?

ரன்வே ராஜா | 9:10

எந்த சிம்? எந்த 737? ஜாய்ஸ்டிக்கா, யோக்கா? புது இழை போடுங்க.